நைனா முதலில் படுத்த மேசை

ஸ்கேன் அறையில் ஜெல் பாட்டில் இன்றும் வெந்நீர் டம்ளருக்குள்தான் நிற்கிறது. நீ கண்மூடிய பிறகு அது என் வேலை. அவசரப் பிரிவிலிருந்து காலையில் ஒரு நடை வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவேன். "சில்லுனு வயித்துல விட்டா பிள்ளைங்க துள்ளிடும்டி, அப்புறம் நான் எதைப் பார்க்கிறது?" என்பாயே! இன்று பாட்டிலைத் தொட்டபோது வெளியே ஓர் ஆண்குரல் கேட்டது. யாரென்று கடைசியில் சொல்கிறேன்.

திருவள்ளூரில் நாம் இருவரும் டாக்டர்களாக வேலைக்குச் சேர்ந்த புதிது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளி ஒருவர், கம்பெனிச் சட்டையோடு, தன் சின்ன மகள் ஜெனியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அடிவயிற்றில் வலது பக்கம் வலி. கை வைக்கவே விடவில்லை. குடல்வால் வீங்கியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒன்றுமில்லாததற்கு வயிற்றைக் கிழிப்பதும் பாவம். ஸ்கேனில் பார்த்துச் சொல் என்று உன்னிடம் அனுப்பினேன்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். உன் அறை வாசல் பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிகள். போதாததற்கு, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று சுவரில் பலகை வேறு.

"இன்னா மேடம் இது? மாசமா இருக்கறவங்களுக்கு எடுக்கிற ஸ்கேனு, என் பொண்ணுக்கா? ஊர்ல இன்னா பேசுவாங்க? நான் மெட்ராஸுக்கே இட்டுக்கினு போயி பெரிய மிஷின்ல எடுத்துக்கறேன்!"

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. வழியில் வெடித்தால் என்னய்யா செய்வீர் என்று கத்தினேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டார். சத்தம் கேட்டு நீ வந்தாய்.

"அண்ணே, பெரிய மிஷின்ல எக்ஸ்ரே கதிர் ஜாஸ்தி. சின்ன உடம்புக்கு எடுத்த எடுப்புல அது எதுக்கு? இதுல கதிரே இல்ல. இதுல தெரியலன்னா நானே அங்க அனுப்புறேன்."

அப்படியும் அவர் ஜெனியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. நீ அவர் வயிற்றைப் பார்த்தாய்.

"சரி, மொதல்ல நீங்க படுங்க."

"நானா?"

"ஏன், ஆம்பளைக்கு வயிறு இல்லியா?"

அந்த ஆள் படுத்தேவிட்டார்! ஜெல்லைத் தடவி, "இது உங்க ஈரல். இது கிட்னி. தோ, காலைல துன்ன நாஷ்டா" என்று நீ திரையில் காட்டக் காட்ட, வாய் பிளந்து பார்த்தார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஒரு நிறைமாதக்காரி, "இன்னாண்ணா, எத்தினி மாசம்?" என்று கேட்டாளே, பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை. "ஆடாதீங்கண்ணே, படம் ஆடுது" என்றாய். என் மடியில் அழுதுகொண்டிருந்த ஜெனி அப்பாவைக் காட்டி, "நைனா வயித்துல பாப்பா கீதா?" என்றாள்.

அதன்பின் அவளை மேசையில் படுக்க வைத்தபோது யாரும் மறுக்கவில்லை. "ஒரே ஒரு விரலால காட்டு கண்ணு, எங்க நோவுது?" என்றாய். அவள் காட்டிய இடத்திலேயே, மெள்ள மெள்ள அழுத்தினாய். திரையில் தடித்த குழாய் ஒன்று தெரிந்தது. எவ்வளவு அழுத்தியும் அது அமுங்கவில்லை. "இதாண்டி" என்று என் கையைப் பிடித்தாய்.

அன்றே ஆபரேஷன். வெடிக்கும் முன்பே எடுத்தாகிவிட்டது. கேன்டீனில் டீயைக் குடிக்க முடியாமல் சிரித்தோமே, அத்தனை சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு எத்தனை அப்பாக்கள் அந்த மேசையில் முதலில் படுத்து எழுந்தார்கள்! நீ இல்லாத இந்த அறைக்கு வந்திருக்கும் புது டாக்டருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அந்தக் குரல். வாசல் பெஞ்சில் ஜெனி உட்கார்ந்திருந்தாள், ஐந்து மாத வயிற்றோடு, முகம் வெளிறி. பக்கத்தில் தலை நரைத்த அவள் அப்பா, பெஞ்சுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்:

"இதுக்குப் போயி பயப்படுவாங்களாம்மா? ஜெல்லு கூட சூடாத்தான் வப்பாங்க. நானே பண்ணிக்கினேன்!"

உன்னைக் கூப்பிட உள்ளே திரும்பிவிட்டேனடி. அப்புறம் டம்ளரில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன்.