தேய்த்த சட்டை

புதன்கிழமை, இரவு. மழை விடவில்லை.

ஆண்கள் வார்டில் துணைக்கு இருக்க விடமாட்டார்களாம். வீட்டுக்காரரை அங்கே விட்டுவிட்டுத் தனியாகத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

காலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா பார்த்தவுடனே, "இங்க வேணாம், ஹட்டனுக்குக் கொண்டு போங்க" என்றார். வாசலிலேயே ஆட்டோ நின்றது. வீட்டுக்காரர்தான், "டவுன் ஆஸ்பத்திரிக்கு இந்தக் கோலத்துலயா போறது? குளிச்சிட்டுப் போவோம்" என்றார்.

டிஸ்பென்சரி என்றால் மண்காலோடு போவோம். டவுன் என்றால் உடுத்திக்கொண்டுதான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. லயத்துக்குத் திரும்பி வெந்நீர் வைத்தேன். திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். காலரை இரண்டு தடவை தேய்த்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டனைக்கூடக் கழற்றவில்லை. கத்தரிக்கோலால் சட்டையை வெட்டிவிட்டார்.

"வலி வந்து இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

வெட்டிய சட்டை பையில் இருக்கிறது. காலர் மடிப்பு இன்னும் கலையவில்லை.

போனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். சேலையை மாற்றவில்லை. கூப்பிட்டால் இப்படியே போய்விடுவேன்.