தை வெள்ளியில் ஏற்றிய விளக்கு

8-1-1962, திங்கள்

கணக்கில் நான்தான் வகுப்பில் முதல். அப்பாவிடம் காட்டவில்லை. மார்க்கைப் பார்த்தால் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தால் என் வயது ஞாபகம் வரும்.

நேற்று பிள்ளையார்பாளையம் மீட்டிங்கில் எவனோ எழுந்து, "வக்கீலே, உங்க பொண்ணு மட்டும் ஒம்பதாவது படிக்கலாமா?" என்று கேட்டானாம். அப்பா கோர்ட்டில் சிரிப்பதுபோல் சிரித்தாராம். "எம்பொண்ணு இன்னும் கொழந்தப்பா. அவ வயசுக்கு வர்ற அன்னிக்கே நிறுத்தறேனா இல்லியா, பாரு. இது ஆதிகேசவனோட வாக்கு." குமாஸ்தா முருகேசன் வந்து அம்மாவிடம் அப்படியே நடித்துக் காட்டினார். கைதட்டல் ஓயவே இல்லையாம்.

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

நான் வயதுக்கு வந்து ஒரு மாதமாகிறது. அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். அன்றைக்கு என் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான்: "உஸ்! பதினொண்ணாவது முடிச்சிடு. அதுக்கப்புறம் எதுவானா ஆவட்டும்."

11-1-1962

அப்பா முன்பு இப்படி இல்லை. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் கொலைக் கேஸ் நடத்துவார். ராத்திரி வந்து, யாரை எப்படி மடக்கினார் என்று எங்களுக்குக் கதை சொல்வார். நானும் சிரிப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தாவது படித்த ஒரு பெண், வாத்தியாரோடு ஓடிப்போனாள். அவளைப் பெற்றவருக்காக அப்பா வாதாடினார். கூண்டில் நின்றவளை ஆமா, இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வைத்தே அழவிட்டாராம். ஜெயித்தார். கோர்ட்டு வாசலில் மாலை போட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கோர்ட்டு போதவில்லை. குடும்ப தர்ம சபை ஆரம்பித்தார். வயதுக்கு வந்த பெண்ணுக்கு வீடுதான் பள்ளிக்கூடம் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். இப்போது சட்டசபைக்கு நிற்கிறார். சுயேச்சை. தராசுச் சின்னம்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ.

19-1-1962, தை வெள்ளி

கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நாமினேஷன் போடும் நாள். வீடு நிறைய ஜனம். சாமியறையில் குத்துவிளக்கு வைத்து, "கன்னிப்பொண்ணு கையால ஏத்தணும். பாப்பா, வா" என்றார் அப்பா. காலையில்தான் எனக்குத் தூரம் ஆகியிருந்தது. தீட்டோடு விளக்கைத் தொடக் கூடாது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவு பேர் நடுவில் என்ன சொல்வாள்? பக்கத்தில் வந்து பூவைச் சரிசெய்வதுபோல், "ஏத்திடு. மூஞ்சியில காட்டாத" என்றாள்.

ஏற்றினேன். ஐந்து முகமும். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. பயமாக இருந்தது. எரிந்து சாம்பலாகிவிடுவேன் என்றே நினைத்தேன்.

அப்பா தோற்றால் அது என்னால்தானா?

23-1-1962

வெளுக்கிற பூவம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. மூட்டை கட்டும்போது அம்மாவிடம் மெல்லக் கேட்டாள். "இன்னா வக்கீலம்மா, துணி பேசாதுன்னு நெனச்சிக்கினியா? மொதத் தீட்டுத் துணி எனக்கில்ல முறை? எங்கிட்டயே மறைக்கிறியே!"

"உன் முறை எங்கயும் போயிடாது பூவம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ. அவ படிக்கட்டும்."

"எம்பொண்ணுந்தான் படிச்சா. பாவாட கிழிஞ்சிபோச்சுன்னு குந்திக்கினு இருக்கறா." மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "நான் வாயத் தொறக்கல. ஆனா முறைன்னா முறைதாம்மா."

5-2-1962

எட்டுக் கிரகமும் ஒன்றுசேர்ந்து உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் ஹோமம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் வரவில்லை. அப்பாவும் சபை பெயரில் ஒரு ஹோமம் நடத்தி, ஓட்டும் கேட்டார்.

உலகம் அழியவில்லை. அழிந்தால் என் விளக்கால்தான் என்று நினைத்து, போர்வைக்குள் கால்களை மடக்கிப் படுத்திருந்தேன்.

16-2-1962

தெரிஞ்சிபோச்சு. எல்லாம் போச்சு.

வாலாஜாபாத் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அப்பா, "பாப்பா, கொடத்துல தண்ணி எடுத்துக்கினு எதிர்ல வா" என்றார். கன்னிப்பெண் நிறைகுடத்தோடு எதிரே வந்தால் ஜெயமாம். நான் குனிந்து குடத்தைத் தொடப்போனேன். அம்மா சமையலறையிலிருந்து, "ஐயோ, அவ வேணாங்க, இன்னிக்கி..." என்றாள். நிறுத்திக்கொண்டாள். தை வெள்ளியன்று அவ்வளவு கூட்டத்தில் வாயை அடக்கிக்கொண்டவள், வீட்டு மனுஷர் மட்டும் இருக்கும்போது பழக்கத்தில் வாயை விட்டுவிட்டாள்.

"இன்னிக்கி இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னை எதிரே நிற்கவைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும். நீ வயசுக்கு வந்துட்ட."

"ஆமா."

"வெளக்கு ஏத்துறதுக்கு முன்னாலயே."

"ஆமா."

விரல்விட்டு நாள் எண்ணினார். "ஏத்துன அன்னிக்கும் தூரம்."

அழுகை வந்துவிட்டது. செங்கல்பட்டுக் கூண்டில் நின்றவள் ஞாபகம் வந்தது. இப்படித்தானே கேட்டிருப்பார்? "ஆமா" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சாமியறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசல் கதவைத்தான் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"பூவம்மாளுக்கு" என்றாள் அம்மா.

"ஓட்டு முடியற வரைக்கும் இவ கொழந்ததான். பள்ளிக்கூடம் போவட்டும். ஒரு நாள்கூட நிக்கக் கூடாது."

போகக் கூடாது என்றுதானே ஊர் ஊராகச் சொல்கிறார்? நான் போக வேண்டும் என்று அம்மா மறைத்தாள். இப்போது அதையே அவரும் மறைக்கிறார். இரண்டும் ஒன்றா?

18-2-1962, ஞாயிறு

திருப்புட்குழியில் என்னை மேடை ஏற்றினார். பாவாடை சட்டை, இரட்டைப் பின்னல். தோளில் கைவைத்து, "இதோ, எங்கொழந்த" என்றார். கூட்டத்தில் ஒருவன், "பாலாடைச் சங்குல பால் குடு வக்கீலே, அழப்போவுது!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தோளில் விரல்கள் மட்டும் அழுந்தின.

தோற்றுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதுவும் எழுதிவிட்டேன்.

26-2-1962

அப்பா ஜெயித்துவிட்டார்.

வெடி வெடிக்கிறார்கள். முருகேசன் தெருவில் ஆடுகிறார். "எல்லாம் பாப்பா ஏத்துன வெளக்குதாம்பா! அன்னிக்கே எனக்குத் தெரியும்!" என்று கத்திக்கொண்டே என் தலையில் பூ தூவினார். அப்பா அதைக் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேறு யாரோடோ பேசப் போய்விட்டார்.

அந்த விளக்கைப் பற்றி உண்மை தெரிந்தவர்கள் இந்த வீட்டில் மூன்று பேர். சாமியோடு நான்கு. சாமி ஒன்றும் செய்யவில்லை.

2-3-1962, வெள்ளி

இன்றைக்குத்தான் நான் பெரியவளானேன். ஊருக்கு.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடந்ததாம். அப்பாவே கதை கட்டினார். நல்ல சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலமே ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். "பார்த்தீங்களா, சொன்ன வாக்கு! வயசுக்கு வந்த அன்னிக்கே பள்ளிக்கூடத்த நிறுத்திட்டாரு!" என்று மைக்கில் யாரோ அடித்துச் சொன்னார்கள்.

பூவம்மாள் முறை கேட்டு வந்தாள். ஆகும்போது உடுத்தியிருந்த துணி அவளுக்கு. நிஜமான துணியை அம்மா எப்போதோ எரித்துவிட்டாள். கதைப்படி நான் பள்ளிக்கூட உடுப்பில் இருந்தேன். ஆகவே நீலப் பாவாடை. தட்டில் வைத்து என்னையே கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். பூவம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு பாவாடையை மடித்து மூட்டையில் வைத்தாள்.

அம்மா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தாள். அத்தனையும் ஏற்கெனவே துலக்கினவை.

5-3-1962

முதல் நாள். பள்ளிக்கூட மணி வீட்டுக்குள் கேட்டது.

8-3-1962

ஒன்றுமில்லை.

13-3-1962

அப்பா மதராஸ் கிளம்பினார். புது வேட்டி, புதுத் துண்டு. "எதிர்ல வா" என்று யாரையும் கூப்பிடவில்லை.

கார் போன பிறகு மாடி ஜன்னலில் நின்றேன். தெருவில் பூவம்மாள் மகள் அலமு பைக்கட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். என் நீலப் பாவாடை. கீழே நிறைய மடித்துத் தைத்து, இடுப்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நேரமாகிவிட்டது போல. ஒரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

திருடி, கழட்டுடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அப்புறம், சீக்கிரம் ஓடு, மணி அடிச்சிடும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் கத்தவில்லை.

அந்தப் பாவாடையின் இடுப்புப் பட்டியில், எங்கள் வீட்டுத் துணி என்று தெரிய பூவம்மாள் போடும் வண்ணான்குறி இருக்கும். வெளுத்தால் போகாது.