கோதம்பு ஆகாத வயிறு

ஜூன் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று ஒடிந்து கண்ணைக் குத்தப் பார்த்தது. மூன்றாம் வகுப்பு இந்த வருஷமும் என் தலையில். பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகுகிறது, மீதிப் பேருக்குப் புத்தி.

வயிறு: பள்ளிக்கூடம் போகுமுன் மூன்று தடவை. இரண்டாம் பீரியடில் ஒரு தடவை. நாக்கின் அடியில் புதுப் புண். சேலை இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது. ‘ராஹேல் டீச்சர் மெலிஞ்சு அழகாயிட்டாவ’ என்று ஒருத்தி. கண் அவிந்தவள்.

ரேஷனில் அரிசி மறுபடியும் குறைந்தது. ஈடாகக் கோதம்பு, மெட்ராஸ்காரர் சொல்லும் கோதுமை. வீட்டுக்காரர் ஏதோ பரிசு வாங்கியதுபோல் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். வக்கீல் குமாஸ்தா வேலை, ஆனால் நெய்யாற்றின்கரையில் வக்கீலைவிட இவர்தான் அதிகம் பேசுவது. தமிழ்த் தாலுக்காக்களை மெட்ராசோடு சேர்க்கக் கேட்கும் எல்லைப் போராட்டக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் இவருக்கு ஒரு முக்காலி.

“பிள்ளே, இதாக்கும் தியாகம். கோதம்பு தின்னாலும் தமிழனாட்டு நிப்போம்.”

கோதம்பில் என்ன தமிழ் என்று கேட்டேன். இரண்டு சப்பாத்தி அதிகம் தின்றார்.

ஜூன் 16, சனி

நெய்யாற்றின்கரை டாக்டர். பஸ்ஸில் நின்றே போனேன், நின்றே வந்தேன். அவர் என் வயிற்றைத் தொடவில்லை, வாயைப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று கேட்டார். பதினான்கு.

“குட்டிகள் இல்லல்லோ? அதின்றெ மனப்பிரயாசமாணு. ஞரம்பின்றெ சூக்கேடு.”

அதாவது, பிள்ளை இல்லாத வருத்தம் நரம்பில் ஏறி வயிற்றில் இறங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதன் இத்தனை வருஷம் படித்திருக்கிறான்.

எழுதிக் கொடுத்தது:
பழைய சோறு கூடாது.
கோதம்புக் கஞ்சி, இரண்டு வேளை.
பார்லித் தண்ணீர்.
ரஸ்க்.
மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதவில்லை.

ஜூன் 21, வியாழன்

ஐந்து நாளாக டாக்டர் சொன்னபடி. ஐந்து நாளும் கொல்லைப்புறத்துக்கும் அடுக்களைக்குமாக நடை. இவர் சொல்கிறார், மருந்து பிடிக்க நேரமாகுமாம்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கஞ்சிக்கு இந்த வருஷம் நான் பொறுப்பு. அரிசிக் கஞ்சி போய் இப்போது உடைத்த கோதம்பு. பிள்ளைகள் நக்கித் துடைத்துத் தின்கின்றன, சரோஜா மட்டும் இல்லை. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு விற்கும் தங்கம்மையின் மகள். கால் இரண்டும் குச்சி, வயிறு மட்டும் பானை. வகுப்பில் சிலேட்டின்மேல் தலையை வைத்துத் தூங்குகிற ஜாதி. இன்று கஞ்சிப் பாத்திரத்தைத் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

“வேண்டாம் டீச்சரே. அம்மை திங்காதேண்ணு சொல்லிச்சு.”

கிழங்கு தின்று வளர்ந்த நாக்குக்குக் கோதம்பு இறங்கவில்லையாம்! ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முழுவதும் தின்றாள். இன்னொரு கரண்டியும் போடச் சொன்னேன். அதையும் தின்றாள். பிறகு வராந்தா முழுக்க வாந்தி. அவளையே கழுவ வைத்தேன்.

ஜூன் 26, செவ்வாய்

ஹர்த்தால். எங்கள் பாறசாலையிலிருந்து ஊர்வலம். ‘தமிழ்ப் பகுதியை மெட்ராசோடு சேர்.’ இவர் வெள்ளைச் சட்டையை நேற்றே கஞ்சி போட்டு வைத்திருந்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகப் பத்து மணிக்குச் சேதி. அழுவேன் என்று எதிர்பார்த்து நாலு பெண்கள் வந்து நின்றார்கள். காப்பி கொடுக்காமல் அனுப்பினேன்.

ரேஷன் கடை பூட்டு. பஸ் இல்லை. கோதம்பு மாவைத் திறந்தால் வண்டு. கோழிகளுக்குக் கொட்டினேன்.

மத்தியானம் தங்கம்மை கூடையோடு கொல்லைப்புற வாசலில்.

“டீச்சரே, கிழங்கு உண்டு. இண்ணு வேற ஒண்ணும் கிட்டாது.”

என் அப்பா சபை உபதேசியார். எங்கள் வீட்டில் மரச்சீனி பசுவுக்கு வேகும், மனிதருக்கு வேகாது. வாங்கினேன். கதவைச் சாத்திவிட்டுத் தின்றேன். தேங்காயும் காந்தாரி மிளகாயும் சேர்த்து அரைத்துத் தொட்டுக்கொண்டு. நன்றாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது.

ஜூன் 30, சனி

இவர் இன்னும் உள்ளே. கடை இன்னும் பூட்டு. ஐந்தாம் நாள் கிழங்கு, சாளை மீன், கிழங்கு.

முந்தாநாளிலிருந்து வயிறு சத்தம் போடவில்லை. காலையில் ஒரே தடவை, மனிதர்களைப்போல. நம்பவில்லை. வாய்ப்புண்ணில் எரிச்சல் இல்லை. அதையும் நம்பவில்லை.

ஜூலை 3, செவ்வாய்

ஞாயிறன்று இவரை விட்டுவிட்டார்கள். கழுத்தில் மாலை, முகத்தில் ஐந்து நாள் தாடி. வந்ததும் முதல் பேச்சு:

“கேட்டியா, லாக்கப்புல கோதம்புக் கஞ்சி. நம்ம வீட்டைவிட நல்லா இருந்து.”

நேற்று கடை திறந்தது. சப்பாத்தி கேட்டார், சுட்டேன், நானும் இரண்டு தின்றேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வயிறு உப்பி, முறுக்கி, பிறகு ஓட்டம். இன்று முழுக்கப் படுக்கை. லீவு.

படுத்தபடி யோசித்தேன். கோதம்புக் கஞ்சி. பார்லி. ரஸ்க். டாக்டர் எழுதினது அத்தனையும் ஒரே கோதம்புக் குடும்பம்.

ஜூலை 10, செவ்வாய்

பிள்ளைகளுக்கு வைப்பதுபோல் எனக்கே பரீட்சை.

புதன், வியாழன், வெள்ளி: கிழங்கும் கொஞ்சம் சோறும். நலம்.
சனி: ரஸ்க் ஒன்றே ஒன்று. நாலு தடவை.
ஞாயிறு: சபைத் திருவிருந்தில் கோதம்பு அப்பம், விரல்நகம் அளவு. மாலைக்குள் வயிறு உப்பியது.
திங்கள்: சோறு, மோர், கிழங்கு. அடங்கியது.

கோதம்புதான். நரம்பும் இல்லை, பிள்ளையில்லாக் கவலையும் இல்லை. டாக்டருக்கு எழுதலாமா என்று நினைத்தேன். அந்த ஆளுக்கு ஒரு தபால் கார்டு அதிகம்.

இவரிடம் சொன்னேன். “உலகமே திங்குது, ஒனக்கு மட்டும் ஆகாதா?” உலகம் முழுக்க மெட்ராசோடு சேரவேண்டும் என்றா கேட்கிறது, உங்களுக்கு மட்டும் ஏன் என்று திருப்பிக் கேட்டேன்.

ஜூலை 14, சனி

கோதம்பு தொடாமலே நேற்றும் முந்தாநாளும் வயிறு போயிற்று. பயந்துவிட்டேன். தின்றதை எல்லாம் எழுதிப் பார்த்தேன். புதிது ரசம் ஒன்றுதான். ரசத்தில் புதிது பெருங்காயம். சந்தைக் கடைக்காரரிடம் போய்க் காயத்தில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டேன்.

“மாவு சேக்காம கட்டி பிடிக்குமா டீச்சர்? பாதி மைதா ஆக்கும். எல்லாரும்தான் திங்குதாவ.”

எல்லாரும், எல்லாரும். இந்த ஊரில் வேறு சொல் கிடையாது.

ஜூலை 19, வியாழன்

மழை விட்டு வெயில். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு. சரோஜாவை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். வாயைத் திறந்தவள் ‘ஏழு’ சொல்ல முடியாமல் முகம் சுளித்தாள். நாக்கை நீட்டு என்றேன்.

சிவந்து வழுவழுவென்று, ஓரமெல்லாம் புண். நான் கண்ணாடியில் பார்க்கிற நாக்கு.

குச்சிக்கால், பானை வயிறு, தூக்கம். ‘அம்மை திங்காதேண்ணு சொல்லிச்சு.’

மேலே ஜூன் 21-ஆம் தேதியை இப்போது திரும்பப் படித்தேன். கிழித்துவிடலாம் என்று பக்கத்தைப் பிடித்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், என் கையெழுத்துதான்.

ஜூலை 20, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டதும் தங்கம்மை வீடு. என்னைக் கண்டதும் பயந்து எழுந்தாள். பிள்ளை ஏதோ திருடிவிட்டது என்று நினைத்திருப்பாள். சொல்ல வந்ததை நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் நேராகச் சொன்னாள்.

“எனக்கு அறியாதா டீச்சரே? பிள்ளைக்குக் கோதம்பு ஆகாது. சொல்லி விட்டேன்லா. நீங்க ஸ்கேல வச்சுத் தல்ல வந்தீங்கண்ணு சொல்லிச்சு.”

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய.

“மூத்தவன் ஒருத்தன் உண்டாயிருந்தான். யுத்தத்து நேரம் அரிசி இல்ல. கோதம்பு மாவு நல்லதுண்ணு சொன்னாவ, கலக்கிக் குடுத்தேன். குடுக்கக் குடுக்க வயிறு போச்சு. வயிறு போகப் போக, சத்து வரட்டும்ணு பின்னயும் குடுத்தேன். நாலு வயசு.”

அவள் அழவில்லை. கூடையில் கிழங்கை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“அதுக்குப் பெறவு இந்த வீட்டுக்குள்ள கோதம்பு கேற்றல்ல. பள்ளிக்கூடத்துல மட்டும் என்னால பாக்க ஒக்காது.”

பள்ளிக்கூடத்தில் பார்க்க வேண்டியவள் நான். படிப்பறிவில்லாதவள் என்று கொல்லைப்புறத்தில் நிறுத்தினவளுக்கு, நெய்யாற்றின்கரை டாக்டருக்கும் எனக்கும் தெரியாதது எத்தனையோ வருஷமாகத் தெரியும். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாய் வரை வந்தது. “திங்கள்கிழமையிலிருந்து கிழங்கு கொடுத்து விடு” என்றேன். என் வாய்க்கு அவ்வளவுதான் வரும்.

ஜூலை 23, திங்கள்

சரோஜாவின் கஞ்சியை நிறுத்தினேன். மத்தியானத்துக்குள் பெரிய டீச்சர் அழைப்பு. இனி பெ.டீ. முழுதாக எழுதி மையை வீணாக்குவதற்கில்லை.

“எந்தா ராஹேல், சர்க்கார் கோதம்பு தமிழருக்குப் பிடிக்கில்லே? பர்த்தாவு பறஞ்ஞிட்டாணோ?”

என் புருஷன் சொல்லித்தான் ஒரு பிள்ளையின் கஞ்சியை நிறுத்தினேனாம். வயிற்றுப் போக்கிலும் இவளுக்கு எல்லைப் பிரச்சினைதான் தெரிகிறது. வாய்ப்புண்ணைப் பற்றிச் சொன்னேன். நாக்கைப் பார்க்கச் சொன்னேன். மெமோ கொடுத்தாள்: அரசு உணவைப் பகிஷ்கரிக்கத் தூண்டியதாக. ஏழு நாளில் விளக்கம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

“கோதம்புப் பகிஷ்கரிப்பு! நல்ல விஷயமாக்கும் பிள்ளே. ஞாயிறு காஞ்சிரங்குளத்துக் கூட்டத்துல நா இதைப் பேசப் போறேன்.”

அந்தப் பிள்ளையின் பெயர் மேடையில் வந்தால் சோறு வேகாது என்றேன். கிழங்கும் வேகாது என்றேன். புரிந்துகொண்டார். ஒரு பக்கம் பெ.டீ., ஒரு பக்கம் இவர். இரண்டு பேருக்கும் பிள்ளை வேண்டாம், அதன் வயிற்றில் நட ஒரு கொடி வேண்டும்.

ஜூலை 28, சனி

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. ‘கோதம்பு தின்றால் எனக்கு நோய் வருகிறது. இந்தப் பிள்ளைக்கும் வருகிறது. ஜூன் 21 அன்று நான் கட்டாயப்படுத்தித் தின்ன வைத்து அவள் வாந்தி எடுத்தாள், அது என் தவறு.’ கடைசி வரியைப் பெ.டீ. இரண்டு தடவை படித்தாள். மெமோவுக்குப் பதிலாகத் தவறை ஒப்புக்கொள்கிற ஆளை இதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

திருவிருந்து. அப்பத் தட்டு வந்தது, எடுக்காமல் அடுத்தவளிடம் தள்ளினேன். பாத்திரத்தில் திராட்சரசம் மட்டும் குடித்தேன். பின்வரிசையில் சேலைகள் சரசரத்தன. ஆராதனை முடிந்ததும் போதகர்:

“ஆண்டவர் அப்பம்ணுதான் சொன்னாரு, மரச்சீனிண்ணு சொல்லல்லியே அம்மா.”

“ஆண்டவர் பாறசாலையில பிறக்கல்லியே ஐயா” என்றேன்.

சிரிப்பை அடக்க அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமும் பாத்திரம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் ஒரு ஆளுக்காவது மூளை இருந்து தொலைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, வியாழன்

மெமோவின் முடிவு. சரோஜா வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம், ஆனால் கஞ்சி வரிசையில் உட்காரக் கூடாது. எனக்குக் கஞ்சிப் பொறுப்பு இனி இல்லை. தண்டனையாம்.

வராந்தாக் கோடியில் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள், குஷ்டரோகியைப்போல. நான் என் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். திறந்தேன். மரச்சீனி. எல்லா டீச்சர்மாரும் பார்த்தார்கள். உபதேசியார் மகள் பட்டப்பகலில் கிழங்கு தின்கிறாள். பார்க்கட்டும்.

சரோஜா என் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர் வீட்டுலயும் இதுதானா?”

“வாயைப் பேசாம தின்னு.”

ஆகஸ்ட் 18, சனி

இவர் காட்டாக்கடைக்குக் கூட்டம் பேசப் போயிருக்கிறார். தங்கம்மை வந்தாள். முன்வாசலில் வா என்றேன். பழக்கமில்லாமல் படியில் தடுக்கினாள். கிழங்கு வாங்கிய பிறகும் நின்றாள். பிள்ளை காலையில் இரண்டு தடவை கஞ்சி கேட்கிறதாம், அரிசிக் கஞ்சி. பிள்ளைகளோடு ஓடி விளையாடுகிறதாம். “ஓடுது டீச்சரே” என்று மட்டும் மூன்று தடவை சொன்னாள். உட்கார் என்றேன். உட்காரவில்லை.

ஆகஸ்ட் 27, திங்கள்

தூறல். புதுக் குடை. வயிறு: எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் வகுப்பு, மூன்றாம் பீரியட். பாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓயாத பேச்சு. திரும்பினேன். சரோஜா, பக்கத்துப் பெண்ணின் காதில், என்னைப்போலவே மூக்கை உயர்த்தி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கச்சிதமாக. பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொன்னேன். பீரியட் முழுவதும் நின்றாள், நேராக, தூண்மாதிரி, ஒரு தடவைகூடத் தூங்கி விழாமல்.