வருகைக் கையெழுத்து

அக்கா, இன்று காலை நம் ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில் மேசைமேல் ஊதா மைப்பெட்டி ஒன்றைத் திறந்து வைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பக்கத்து வீட்டு மல்லிகா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் இருந்திருந்தால் காரணம் கேட்டிருக்கமாட்டீர்கள்.

வந்த அதிகாரிகள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். மிச்சமிருக்கும் கீழ் லயத்து வீட்டு வரிசையையும் கோயிலையும், விடியலில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களத்தையும் பழமை மாறாமல் காக்கப் போகிறார்களாம். அதற்குக் குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டுமாம். சந்தோஷப்பட வேண்டியவள் நான். பயந்து சாகிறேன். உங்கள் மேல் லயத்திலும் இப்படித்தானே கூட்டம் போட்டார்கள்.

அன்றைக்கு ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். மலாய் வாசிப்பவள் என்று கீழ் லயத்திலிருந்து என்னை அழைத்துத் தாளைக் கொடுத்தார்கள். மேலே 'வருகைப் பதிவு' என்று பெரிதாக இருந்தது. அதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டேன். விடிந்தால் பெரட்டில் பேர் கொடுத்துப் பழகிய சனம், பேர் கேட்டால் ஏன் என்று கேட்குமா? வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

முழங்கால் வலியில் நீங்கள் வரவில்லை. பொட்டலம் வீணாகிவிடுமே என்று தாளோடு உங்கள் வீட்டுக்கே வந்தேன்.

"என்னாடி இது?"

"சும்மா பேரு குடுக்கறதுக்குத்தான்க்கா. கூட்டத்துக்கு வந்தோம்னு."

"நான்தான் வரவே இல்லியே லா" என்று சிரித்தீர்கள். பிறகு, "சரி, நீ படிச்சவ, நீ சொன்னா சரி" என்று கையை நீட்டினீர்கள்.

கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தேன். பால்வெட்டிக் காய்த்த விரல், ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன்.

வீட்டைக் காலிசெய்யச் சம்மதம் என்பது பின்பக்கத்தில், கடைசி வரியில் இருந்தது. மூன்று மாதத்தில் லாரி வந்தது. அந்த முழங்காலோடு சுங்கைப்பட்டாணி நகரத்து அடுக்ககத்தில் நான்காம் மாடி. ஒவ்வொரு முறை நான் வரும்போதும், "படியேறி மூச்சு வாங்குது பாரு, ஒக்காரு" என்பீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கடைசிவரை திட்டவில்லை. உங்களைப் பாடையில் இறக்கிக்கொண்டு வந்த நாளில் அந்தப் படிகளை நான் எண்ணவும் பயந்தேன்.

இன்று தாள் வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நீங்க போட்டா நாங்களும் போடறோம்க்கா" என்றாள் மல்லிகா. இருபக்கமும் கடைசி வரிவரை உரக்கப் படித்தேன். வீடுகளைப் பற்றி எழுதியிருந்தது, கூரை ஓடு, பலகைச் சுவர், முன்வாசல் எல்லாம் இருந்தது. எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

"வீட்டைக் காப்பாற்றுவீர்கள். உள்ளே இருக்கிற நாங்கள்?" என்று அதிகாரியிடம் மலாயில் கேட்டேன்.

சின்ன வயதுக்காரர், அத்தை முறை வைத்துக் கூப்பிடும் மரியாதையானவர். "அதை அடுத்த கூட்டத்தில் பேசலாம், மக்சிக்" என்றார்.

"அதையும் இதிலேயே எழுதிக்கொடுங்கள். போடுகிறோம்."

மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். இரண்டு வாரம் தவணை சொல்லி, தாள்களை என்னிடமே விட்டுப் போனார். இப்போது அவை என் சாமி மேடைக்குக் கீழே இருக்கின்றன. போடாவிட்டால் கீழ் லயத்தையும் இடித்து வீடமைப்புக்கு விற்றுவிடுவார்கள் என்கிறார்கள். போட்டால், சுவர் மட்டும் நின்று சுற்றுலாக்காரர்கள் படமெடுக்க, நாங்கள் எந்த மாடியில் இருப்போமோ தெரியாது. எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. அதுதான் பயம்.

சாயங்காலம் மல்லிகாவின் மாமியார் வந்தார். கண் சரியாகத் தெரியாதவர். "எங்க வெக்கணும் சொல்லு, நான் படுக்கப் போவணும்" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றார். நான் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். உட்கார வைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டார். நான் கடைசி வரிவரை படித்தேன்.

உங்கள் விரல் கொஞ்சமும் இழுக்காமல் என் பிடியில் வந்ததே, அந்தச் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.