ஃபைல் திறக்கவில்லை

29.7.2025
அப்பா போன் செய்தார். நான் யூனுஸைக் கட்டிக்கொண்ட நாளோடு நின்ற பேச்சு, இரண்டு வருஷம் கழித்து. "வைத்தியலிங்கம் பேசறேன்" என்றார், யாரோ எவரிடமோ பேசுவதுபோல. கல்யாணத்துக்கு முன் நான் பம்புசெட்டில் மாட்டிய தானியங்கிப் பெட்டி மோட்டாரைப் போட மறுக்கிறதாம். திரையில் 'ஃபைல் திறக்கவில்லை' என்று மட்டும்.

"ஏன் திறக்கல?"

தெரியவில்லை. புரோகிராம் எழுதியதே நான். நாற்றங்கால் காய்கிறது. வெட்கமாக இருந்தது.

30.7
சி மொழியில் சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் கணினியிடம் கேட்கும் வேலை, தோற்றால் மைனஸ் ஒன்று என்று கைவிரித்துவிடும். காரணம் எர்நோ என்ற பெயரில் ஓர் எண்ணாக இருக்கும். உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வேறொரு சிஸ்டம் கால் போனால் அந்த எண் மாறிவிடலாம். நான் எடுக்கவே இல்லை. இன்று பெட்டியிலுள்ள சிம் வழியாக இங்கிருந்தே எடுத்தேன்: 28. அப்படியென்றால் பெட்டியின் மெமரி கார்டில் இடமில்லை. ஓடிய நேரத்தைக் கார்டில் எழுத முடியாவிட்டால் மோட்டாரைப் போடாதே என்று எழுதியவளும் நானே!

அப்பாவிடம் சொன்னேன். பக்கத்து வயல் தியாகேசன் மாமா அந்தக் கார்டைக் கழற்றி, ஆடித் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு நிரப்பி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரும்பச் செருகியிருக்கிறார். பாட்டை அழித்ததும் மோட்டார் ஓடியது. அப்பா சிரித்தார். என்னிடம்தான் சிரித்தார்.

2.8
மத்தியானம் அரைத்தூக்கம். வாய்க்காலுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. அப்பா முன்னால் போகிறார், திரும்பவில்லை. ஏன் பேசலைன்னு அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல? இப்ப அவருக்கே காரணம் மாறிப்போயிருக்கும்.

5.8
எரர் செய்தியைப் புதிதாக எழுதினேன் — என்ன செய்யப் போனது, எந்த ஃபைல், ஏன் முடியவில்லை, இனி என்ன செய்யலாம். எல்லாம் தமிழில்.

யூனுஸ் படித்துப் பார்த்தான். "இவ்வளவு தெளிவா எழுதிட்டா உங்கப்பா உனக்கு எதுக்குப் போன் பண்ணுவாரு?"

கை நின்றுவிட்டது. பழையபடி விட்டுவிடலாமா? சீ, என்ன புத்தி இது. நாற்று காய்ந்தால்? அதே சிம் வழியாக இங்கிருந்தே பெட்டியில் ஏற்றிவிட்டேன்.

12.8
போன் இல்லை.

13.8
இல்லை. பெட்டி நன்றாக ஓடுகிறது போல.

21.8
காலையில் அப்பா. "எரர் வந்திருக்கு." நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: "ஓடிய நேரத்தை எழுத முடியவில்லை. கார்டு இல்லை. கார்டைச் செருகிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தவும்."

"அதுலயே எல்லாம் போட்டிருக்கேப்பா."

"போட்டிருக்கு."

"கார்டு எங்க?"

"எங்கிட்டதாம்மா. கையிலதான் வச்சிருக்கேன்."