நீளமான துளைகள்

புந்தோங், ஈப்போ
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள விமலா அக்காவுக்கு,

தினேஸ்வரி எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் உரிமையை நான் இழந்து இரண்டு வருடம் ஆகிறது. என் எண்ணை நீங்கள் தடை செய்துவிட்டதால்தான் தாளில் எழுதுகிறேன். உங்கள் ஜூரோங் முகவரியைச் சுங்காய்க்குப் போய் மங்களம் அத்தையிடம் வாங்கினேன். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. சமையலறைக் கூரை ஒழுகுகிறது. சரி செய்ய வந்தவன் படம் எடுத்துக்கொண்டு போனதோடு சரி. மகள் விமலா ஏன் துப்பாக்கி சுடுவதை விட்டுவிட்டாள் என்று யாராவது கேட்டால், "சிங்கப்பூர்ல வேலைலா, நேரம் ஏது" என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போய்விடுகிறார்.

கடிதத்தோடு, நான் குறிபார்த்துச் சுட்ட இரண்டு குறித்தாள்களை மடித்து வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் ஒன்று என்று எழுதியதை முதலில் பிரியுங்கள். கோபத்தில் கிழித்துவிடாதீர்கள்.

மாநில அணிக்கான தேர்வு இம்மாதம் முப்பதாம் தேதி. முந்நூறு மீட்டர், இருபது குண்டு, நீங்கள் சுட்டது போலவே. எனக்குக் கொடுத்திருப்பதும் உங்களிடம் இருந்த அதே பழைய துப்பாக்கிதான். கன்னம் படும் இடத்தில் நீங்கள் ஒட்டிய கறுப்பு டேப் இன்னும் உரியவில்லை. புதிய துப்பாக்கி இந்த முறையும் தேனப்பனுக்கு. அவன் அப்பாதான் நம் துப்பாக்கி கிளப்புக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் பழைய ரப்பர்த் தோட்ட நிலத்தில் நம் அம்மாக்கள் பால்மரம் சீவினார்கள். அதற்கு யாரும் பெயர்ப்பலகை வைக்கவில்லை.

போன வாரம் சனிக்கிழமை, தேர்வுக்கான குண்டில் பத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கினேன். இரண்டு வருடத்துக்கு முன் தேர்வில் உங்களுக்குக் கொடுத்த அதே எழுபத்தேழு கிரேன் எடைக் குண்டு. நினைவிருக்கிறதா? வருடம் முழுக்கப் பயிற்சிக்கு மலிவான ஐம்பத்தைந்து கிரேன் கொடுப்பார்கள். தேர்வு நாளில் மட்டும் "நல்ல சாமான்" என்று கனமான குண்டை எடுத்து நீட்டுவார்கள். நூறு மீட்டரில் வைத்துச் சுட்டேன். அதுதான் ஒன்றாம் தாள். துளைகளைப் பாருங்கள். ஒன்றாவது வட்டமாக இருக்கிறதா? குண்டு நேராகப் போகாமல் குறுக்காகப் படுத்துக்கொண்டு காகிதத்தைக் கிழித்திருக்கிறது. நூறு மீட்டரிலேயே இந்தக் கோலம்.

குழலை நானே அளந்தேன். துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே விட்டு, கம்பியின் மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்தேன். மெதுவாக இழுத்தால் குழலுக்குள் இருக்கும் முறுக்குப் பள்ளத்தோடு கம்பியும் சுழலும். புள்ளி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரப் பன்னிரண்டு அங்குலம் ஆனது. தேனப்பனின் துப்பாக்கியில் எட்டே அங்குலம். கனமான குண்டு நீளமானது. அது நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். நம் பழைய குழல் அந்தச் சுழற்சியைத் தராது. போதாமல் சுற்றிவிட்ட பம்பரம் போல அது தலையாட்டிச் சரிந்துவிடுகிறது. லேசான குண்டுக்குத்தான் அந்தக் குழல் சரி.

ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் கனகராஜ் அண்ணனிடம் தாளைக் காட்டினேன். ராணுவத்தில் இருபது வருடம் இருந்தவர், தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரிய குண்டு காத்துல அசையாதுலா. நீ மூச்சப் பிடிச்சு சுடு" என்றார். நான் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் பயிற்சிக் குண்டில் பத்தை எண்ணிக் கொடுத்தார். அதே துப்பாக்கி, அதே நூறு மீட்டர், அதே நான். அதுதான் இரண்டாம் தாள். பத்தையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கமிட்டில பேசு, என் பேர இழுக்காத" என்றார்.

கமிட்டியில் பேசினேன். எல்லோருக்கும் ஒரே குண்டு, அதுதான் நியாயம் என்றார் செயலாளர். துப்பாக்கி மட்டும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று கேட்டேன். தேனப்பன் குறுக்கே வந்து, "எனக்கு அதே குண்டு நல்லாத்தானே போச்சு, தினேஸ்" என்றான். அவன் கெட்டவன் இல்லை, அக்கா. யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததே இல்லை. பிறகு செயலாளர் உங்களைப் பற்றிப் பேசினார். "ரெண்டு வருஷம் முன்ன ஒரு பொண்ணு இதே துப்பாக்கில சுட்டா. கை நடுங்கிருச்சு. துப்பாக்கில கோளாறுன்னா அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார்.

அது சரியான கேள்விதான், ஆனால் தப்பான ஆளைப் பற்றிக் கேட்டார். முந்நூறு மீட்டருக்கு அப்பால் படுத்திருந்த உங்களுக்குக் காகிதத்தில் விழும் துளையின் வடிவம் எப்படித் தெரியும்? இலக்குக்குக் கீழே பள்ளத்தில் நின்று, பலகையை இறக்கி, புள்ளி காட்டி, துளைகளை ஒட்டி மூடுபவருக்குத்தான் தெரியும். அன்று அந்தப் பள்ளத்தில் நின்றது நான்.

நான் பார்த்தேன், அக்கா. இருபதில் ஏழு காகிதத்திலேயே விழவில்லை. விழுந்த பதின்மூன்றும் நீளமாக இருந்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஈரத் தாள் கிழிகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. கேட்டால் என்னை முட்டாள் என்பார்களோ என்று பயந்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுத்தாளை எச்சில் தொட்டு ஒட்டினேன். பிறகு மேலே வந்து, எல்லோர் முன்னாலும், "கைய அடக்கக் கத்துக்குங்கக்கா" என்று உங்களிடம் சொன்னேன்.

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று கமிட்டியிடம் கொடுத்துவிட்டேன். என்னைப் பட்டியலிலிருந்து தூக்கினாலும் தூக்குவார்கள். ஒருவர் சொன்னால் அது வெறும் புகார், சாட்சிக்கு இன்னொருவரும் வேண்டும் என்கிறார்கள். அந்தத் துப்பாக்கியில் சுட்ட இன்னொருவர் நீங்கள் மட்டும்தான். கனமான குண்டைத் தேர்வு நாளில்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள் என்று இரண்டு வரி எழுதி, இருபத்தைந்தாம் தேதிக்குள் கமிட்டிக்குச் சேரும்படி அனுப்புங்கள். எனக்காக வேண்டாம். உங்கள் பெயருக்கு எதிரே 'கை நடுக்கம்' என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது இன்னும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது.

கை நடுங்கினால் துளை தள்ளி விழும், அக்கா. நீளமாக விழாது.

அத்தையிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதை அவர் உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும். இதைப் படிக்கும் அன்றே வேலை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தினேஸ்வரி