தார் ரோடு முடிகிற இடத்தில் கழற்றுகிற பின்

ஒரே வீட்டில் பெண்ணெடுத்து, ஒரு நாளும் ஒத்துப்போகாத என் அருமைச் சகலை பெருமாளுக்கு,

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போனதில் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஒரு நல்ல சேதியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் ஜீப்பை விற்கவில்லை. உன் பெண்டாட்டி செல்விதான் ஓட்டுகிறாள்.

காரியம் முடிந்த மறுநாளே நம் மச்சான்மார் இரண்டு பேரும் வண்டியை விற்க ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "பொம்பளை ஓட்டற வண்டியா இது? மலையில ஒரு சக்கரம் தூக்கிடுச்சுன்னா யாரு போயிப் புடிக்கறது?" என்றார் பெரியவர். உன் பெண்டாட்டி அழுத கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். "அவரு ஓட்டும்போது மட்டும் நீங்களா வந்து புடிச்சீங்க?"

 கடைசியில் பெரியவர், "சரி, ஓட்டிப் பாரு. உன் கையில ஒரு தடவ சாஞ்சாலும் வித்துப்புடணும்" என்று முடித்தார். அவள் அதற்கும் சரி என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, அவரும் நீங்களும் அரைகுறையா விட்ட அந்தக் கழட்டற பின்னை முடிச்சிக் குடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

நமக்குள் நடந்த சண்டையெல்லாம் அந்த ஸ்டெபிலைசர் ராடால் வந்ததுதானே. வளைவில் வண்டி சாயாமல் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி. நல்ல ரோட்டில் அது காப்பாற்றும். கல்லுப் பாதையில் கழுத்தை அறுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கப் பார்த்தால் அது விடாது, இன்னொரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும். வத்தல்மலையில் தார் ரோடு முடிந்து தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் நீ எத்தனை முறை அப்படி மாட்டியிருக்கிறாய்?

அதற்காகக் கம்பியையே கழற்றிப் பரண்மேல் போட்டாயே, அது எந்த ஊர் நியாயம்? மிளகு மூட்டையை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் தொப்பூர் கணவாயில் இறங்கினாய். "ஏய்யா, உசுரு மேல ஆசையில்லியா உனக்கு?" என்று கேட்டால், "லேத்துல உக்காந்து நட்டு கடையறவனுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்?" என்பாய். ஒரு நாள் லாரி ஒன்று ஒட்டி உரசுகிற மாதிரி வந்ததில் வண்டி சாய்ந்த சாய்ப்பில்தான் உனக்குப் புத்தி வந்தது. பட்டறைக்கு வந்து நின்று, "போல்ட்டுக்குப் பதிலா கையால உருவற மாதிரி ஏதாச்சும் பண்ணுய்யா" என்றாய். அப்படிக் கேட்க உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

கம்பியின் இரண்டு முனையையும் அச்சோடு இணைக்கிற லிங்கில் போல்ட்டை எடுத்துவிட்டுப் பின் போட்டோம். மலைக்குப் போகும்போது பின்னை உருவி, லிங்கை மேலே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். யோசனை சரிதான். ஆனால் இழுத்தால் பின் வராது. நீ சுத்தியலால் அடிப்பாய், அது வளையும். நீ என் இரும்பைத் திட்டுவாய், நான் உன் கையைத் திட்டுவேன். அதற்குள் போய்விட்டாய்.

இந்த முறை பழைய லாரி ஆக்சிலை வாங்கிக் கடைந்தேன். வளையவே வளையாத இரும்பு. செல்வியோடு மலை ஏறி, வழக்கமாக நீ நிறுத்துகிற சரிவில் நிறுத்தி இழுத்தேன். வரவில்லை. சுத்தியலைத் தேடினேன். அவள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "வண்டி சாஞ்சி நிக்குது, கம்பி முறுக்கிக்கிட்டு இருக்குது. சமமான எடத்துல நிறுத்திப் பாருங்க மாமா" என்றாள். நிறுத்தினேன். இரண்டு விரலில் வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் ஆறு மாதம் இரும்பைத் திட்டினோமே சகலை, தப்பு நிறுத்தின இடத்தில்தான் இருந்தது.

அந்தக் கல்லுப் பாதையில் நாலு சக்கரமும் தரையை விடாமல் ஏறியதை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கும்போது ஸ்டீயரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். என் பின்னைப் பற்றிப் பேசிக்கொண்டே தார் ரோட்டுக்கு வந்தேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தது. பின்னால் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. எப்படியோ ஓரம் கட்டினேன். 

"மாமா, பின்னு எங்க?" என்றாள். இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன. உனக்கு அத்தனை வருஷம் உபதேசம் செய்தவன் நான். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பின்னை மாட்டினாள். ஒரு துண்டு நைலான் கயிற்றை எடுத்துக் கியர் கம்பியில் கட்டினாள். "கழட்டினா ரெண்டும் இதுலதான் தொங்கணும். கியர் மாத்தறப்பல்லாம் கையில இடிக்கணும். இடிச்சாத்தான் உங்களுக்கெல்லாம் உறைக்கும்." உங்களுக்கெல்லாம் என்றதில் நீயும் சேர்த்திதான். அன்று முதல் எந்தப் பின்னைக் கடைந்தாலும் கியரில் மாட்ட ஒரு வளையமும் சேர்த்தே செய்கிறேன்.

போன மாதம் பெரிய மச்சானே மூட்டைகளோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், மலையிலிருந்து சேலம் வரைக்கும் சோதித்துப் பார்க்க. தார் ரோடு தொடங்குகிற இடத்தில் அவள் இறங்கிப் பின் போட்டதையும், தொப்பூர் வளைவுகளில் லாரிகளுக்கு நடுவே அசையாமல் இறங்கியதையும் பார்த்திருக்கிறார். சேலத்தில் இறங்கியதும், "பின்னாடி டயருல காத்து கம்மியா இருக்குது, பாத்துக்க" என்று மட்டும் சொன்னாராம். விற்கிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

இப்போது மலையில் ஜீப் ஓட்டுகிற மூன்று பேர் அதியமான்கோட்டைக்கு, என் பட்டறைக்கே தேடி வந்துவிட்டார்கள். இதற்கு உன் பேரை வைக்க வேண்டும் என்று மனதுக்குள் ஆசை வைத்திருந்தேன். "பெருமாள் பின்" என்று பலகையில் எழுதக்கூட நினைத்தேன். வந்தவர்கள் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணா, செல்வியக்கா பின்னு ஒரு ஜோடி வேணுங்க." ஊர் நம்மைக் கேட்கவில்லை சகலை. உனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். எனக்கும் இருந்தது, ஒரு நிமிஷம். அப்புறம் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறேன். அவள் வண்டி எடுக்கும்போது "பார்த்து ஓட்டும்மா" என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல இங்கே இப்போது ஒருத்திக்குத்தான் தகுதி உண்டு. அவள்தான் எனக்குச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அக்காவைக் கட்டிய, தோற்றதில் சந்தோஷப்படுகிற
உன் சகலை, லேத் மாதையன்